மனித ஏசிஎஸ்எஸ்2 நொதியின் உயிர்வேதிப் பண்புகளை அளப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அசிடேட் இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போதும், கல்லீரல் எத்தனாலை ஆக்சிஜனேற்றும்போதும், ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் தொகுதி நீக்கப்படும்போதும் அது உருவாகிறது. ஆனால் உருவான அசிடேட் அப்படியே எந்த வளர்சிதை வழியிலும் நுழைய முடியாது. கொழுப்பு அமிலமாகவோ, கொலஸ்டிராலாகவோ, சிட்ரிக் அமிலச் சுழற்சியின் எரிபொருளாகவோ மாறுவதற்கு முன் அது கோஎன்சைம் ஏ உடன் இணைந்து அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆக வேண்டும். இந்த இணைப்பைச் செய்வது அசிட்டைல் கோஎன்சைம் ஏ சிந்தடேஸ் என்னும் நொதி. மனிதரில் அதன் சைட்டோசால் வடிவமே ஏசிஎஸ்எஸ்2.

இந்த வழிகாட்டி, நொதியியலின் அடிப்படைகளைக் கற்று, முதன்முறையாக ஒரு மனித நொதியைத் தம் கையால் தூய்மைப்படுத்தி அளக்க முனையும் முதுகலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் எழுதப்படுகிறது. ஒரு செய்தியை இதில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போகிறேன்: இந்த நொதியை அளப்பவர் தாம் சேர்த்த அசிடேட்டை அளப்பதற்கு முன், தாம் சேர்க்காத அசிடேட்டை அளந்தாக வேண்டும். அதைச் செய்யாமல் பெறும் எண்கள் பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும், ஆனால் அவை தவறானவை.

முதல் படி: எந்த நொதி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

மனிதரில் இக்குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நொதிகள் உள்ளன. ஏசிஎஸ்எஸ்2 இன் மரபணு 20ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அமைந்துள்ளது. அதன் புரதம் 701 அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 79 கிலோடால்டன் எடையும் கொண்டு, சைட்டோசாலிலும் உட்கருவிலும் இயங்குகிறது. ஏசிஎஸ்எஸ்1 இன் மரபணு அதே குரோமோசோமின் குறுகிய கரத்தில் உள்ளது. 689 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம் மைட்டோகாண்டிரியாவின் உட்கூழ்மத்துக்குச் செல்கிறது, இதயத்திலும் எலும்புத் தசையிலும் அசிடேட்டை எரிபொருளாக்குகிறது. ஏசிஎஸ்எஸ்3 உம் மைட்டோகாண்டிரியாவைச் சேர்ந்ததுதான், ஆயினும் அது அசிடேட்டைவிட புரோப்பியோனேட்டையே விரும்பும் நொதி.

பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இங்கே ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. அவற்றில் சைட்டோசால் நொதி "ஏஸ்சிஎஸ்1" என்றும் மைட்டோகாண்டிரியா நொதி "ஏஸ்சிஎஸ்2" என்றும் அழைக்கப்பட்டன. இன்றைய மரபணுப் பெயர்களில் அந்த எண்கள் இடம் மாறிவிட்டன: பழைய ஒன்று இன்றைய இரண்டு, பழைய இரண்டு இன்றைய ஒன்று. ஒரு கட்டுரையிலிருந்து மைக்கேலிஸ் மாறிலியை (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான தளப்பொருள் செறிவு) எடுத்து ஒப்பிடும் முன், அந்த எண் எந்த உறுப்பகத்தின் நொதிக்குரியது என்பதைச் செய்முறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் நம்பி ஒப்பிட்டால், இரு வேறு நொதிகளை ஒன்றெனக் கொள்ளும் பிழை நேரும்.

இரண்டாம் படி: வினையை இரு பாதிகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

மொத்த வினை எளிமையானது. அசிடேட், ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்), கோஎன்சைம் ஏ ஆகிய மூன்றும் சேர்ந்து அசிட்டைல் கோஎன்சைம் ஏ, ஏஎம்பி (அடினோசின் மோனோபாஸ்பேட்), பைரோபாஸ்பேட் ஆகிய மூன்றாக மாறுகின்றன. ஆனால் இவ்வினை ஒரே வீச்சில் நடப்பதில்லை. 1950களின் நடுவில் பால் பெர்க் காட்டியபடி, முதல் பாதியில் அசிடேட் ஏடிபியுடன் வினைபுரிந்து அசிட்டைல் ஏஎம்பி என்னும் இடைப்பொருளாகிறது, பைரோபாஸ்பேட் வெளியேறுகிறது. இரண்டாம் பாதியில் கோஎன்சைம் ஏயின் கந்தகம் அந்த இடைப்பொருளைத் தாக்கி அசிட்டைல் தொகுதியை ஏற்றுக்கொள்கிறது, ஏஎம்பி விடுபடுகிறது. முதல் பாதியை அடினைலேற்றம் என்பர். கோஎன்சைம் ஏயைக் கண்டறிந்த பிரிட்ஸ் லிப்மனின் புறாக் கல்லீரல் சாறு தொடங்கி, 1951இல் பியோடோர் லினன் "செயலூக்கம் பெற்ற அசிடேட்" என்பது அசிட்டைல் கோஎன்சைம் ஏதான் என இனங்கண்டது வரை நீண்ட தேடலில், அசிடேட் எவ்வாறு அந்த நிலையை அடைகிறது என்ற கேள்விக்குப் பெர்க்கின் விடை பொருந்தியது.

இந்த இரு பாதிகளுக்கும் நொதி இரு வேறு உருவங்களை எடுக்கிறது. இந்நொதி சேர்ந்த பெருங்குடும்பத்தில் மின்மினிப் பூச்சியின் லூசிபரேஸ் நொதியும் அடங்கும். இந்த நொதிகள் யாவற்றிலும் ஒரு பெரிய முன்பகுதியும் ஒரு சிறிய பின்பகுதியும் உண்டு. அடினைலேற்றம் முடிந்ததும் சிறிய பின்பகுதி ஏறத்தாழ 140 பாகை சுழன்று, தன் மறுபக்கத்தை, வினை நிகழும் இடமான கிளர்வு மையத்தை நோக்கித் திருப்புகிறது. சால்மொனெல்லா பாக்டீரியாவின் நொதிக்கு 2003இல் வெளியான படிக அமைப்பு, கோஎன்சைம் ஏ பிணைந்த இரண்டாம் உருவத்தைத் தெளிவாகக் காட்டியது. ஒரே கிளர்வு மையத்தை இரு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்த ஒரு புரதம் தன் உடலின் ஒரு பகுதியையே திருப்பிக்கொள்வதை முதன்முறை திரையில் சுழற்றிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

ஆற்றல் கணக்கையும் இங்கேயே முடித்துக்கொள்வோம். அசிட்டைல் கோஎன்சைம் ஏயின் தயோஎஸ்டர் பிணைப்பை உருவாக்கத் திட்ட நிலையில் மோலுக்கு ஏறத்தாழ 31.4 கிலோஜூல் தேவை. ஏடிபி ஏஎம்பியாகவும் பைரோபாஸ்பேட்டாகவும் உடையும்போது 45.6 கிலோஜூல் கிடைக்கிறது. ஆகவே வினை ஏறத்தாழ 14 கிலோஜூல் அளவுக்கே முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. பைரோபாஸ்பேட்டேஸ் நொதி பைரோபாஸ்பேட்டை இரு பாஸ்பேட்டுகளாக உடைக்கும்போது மேலும் 19 கிலோஜூல் சேர்வதால்தான் உயிரணுவில் வினை உறுதியாக ஒருதிசைப்படுகிறது. இதன் நடைமுறைப் பொருள், உங்கள் வினைக்கலவையில் பைரோபாஸ்பேட்டேஸ் இல்லையெனில் பைரோபாஸ்பேட் தேங்கும், அது வினையைப் பின்னிழுக்கும் என்பதே.

மூன்றாம் படி: நொதியைத் தயாரியுங்கள், ஒரு லைசினை மறக்காதீர்கள்

ஏசிஎஸ்எஸ்2 இன் குறியீட்டுப் பகுதியை ஹிஸ்டிடின் வால் கொண்ட பிளாஸ்மிட்டில் இணைத்து, ஈ.கோலை பாக்டீரியாவில் 18 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வெளிப்படுத்தி, நிக்கல் பிசினில் பிடித்து, இமிடசோல் கரைசலால் கழுவி எடுக்கும் வழக்கமான முறையே இதற்கும் பொருந்தும். பின்னர் மூலக்கூறு அளவின்படி பிரிக்கும் ஜெல் வடிகட்டலை ஒருமுறை செய்வது நல்லது. அது இமிடசோலை மட்டுமல்லாமல், சாற்றிலிருந்து ஒட்டி வந்த அசிடேட்டையும் அகற்றுகிறது. சேமிப்புக் கரைசலில் 10 விழுக்காடு கிளிசராலும், கந்தகத் தொகுதிகளைக் காக்க டிசெப் என்னும் ஒடுக்கியும் இருக்கட்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இனிதான் வருகிறது. இந்த நொதிக் குடும்பத்தின் கிளர்வு மையத்தில், பின்பகுதியில் அமைந்த ஒரு லைசின், அடினைலேற்றத்துக்கு இன்றியமையாதது. சால்மொனெல்லா நொதியில் அது 609ஆம் லைசின். அதன் மீது ஓர் அசிட்டைல் தொகுதி ஏறினால் முதல் பாதி வினை நின்றுவிடுகிறது, இரண்டாம் பாதி மட்டும் தொடர்ந்து இயலுகிறது என்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. பாலூட்டிகளிலும் இதே பூட்டு உண்டு. 2006இல் வெளிவந்த ஆய்வுகளின்படி, சுண்டெலியின் சைட்டோசால் நொதியில் 661ஆம் லைசினிலிருந்து அசிட்டைலை நீக்குவது சர்ட்1, மனித மைட்டோகாண்டிரியா நொதியில் 642ஆம் லைசினிலிருந்து நீக்குவது சர்ட்3. இவ்விரண்டும் சர்டுயின் என்னும் அசிட்டைல் நீக்கும் நொதிகள். அசிட்டைல் கோஎன்சைம் ஏயை உருவாக்கும் நொதியே அசிட்டைலேற்றத்தால் முடக்கப்படுகிறது என்பது எவ்வளவு பொருத்தமான கட்டுப்பாடு!

ஆய்வகத்தில் இதன் விளைவு நேரடியானது. ஈ.கோலையின் உள்ளேயும் லைசின்களை அசிட்டைலேற்றும் நொதி உண்டு. போதாக்குறைக்கு, அங்கே தேங்கும் அசிட்டைல் பாஸ்பேட் நொதியின் துணையின்றியே லைசின்களைத் தாக்கும். எனவே நீங்கள் தூய்மைப்படுத்திய புரதம் ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரிந்தாலும், அதன் ஒரு பகுதி செயலிழந்த மூலக்கூறுகளாக இருக்கக்கூடும். அப்போது மைக்கேலிஸ் மாறிலி மாறாது, சுழற்சி எண் (ஒரு நொதி மூலக்கூறு குறித்த நேரத்தில் முடிக்கும் வினைகளின் எண்ணிக்கை) மட்டும் குறைந்து காணப்படும். இரு முறை தயாரித்த நொதிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட உச்ச வேகம் காட்டினால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

இதைச் சோதிக்க, நொதியின் ஒரு பகுதியை என்ஏடி சேர்த்துச் சர்டுயின் நொதியுடன் ஒரு மணி நேரம் வைத்திருந்து, வேகம் கூடுகிறதா எனப் பாருங்கள். கூடினால் முழுத் தயாரிப்பையும் அவ்வாறே நடத்துங்கள். ஆனால் சர்டுயின் நீக்கும் அசிட்டைல் தொகுதி ஓ-அசிட்டைல் அடினோசின் டைபாஸ்பேட் ரைபோஸாகி, பின்னர் நீராற்பகுப்பு அடைந்து அசிடேட்டையே கரைசலில் விடும். ஆகவே அளவீட்டுக்கு முன் உப்புநீக்கும் பத்தியில் ஒருமுறை செலுத்தி எடுப்பது கட்டாயம்.

நான்காம் படி: மேசையிலிருந்து அசிடேட்டை அகற்றுங்கள்

எங்கள் மேசையில் ஒருமுறை இரண்டு வாரங்கள் வீணாயின. அசிடேட் சேர்க்காத குவெட்டிலும் (ஒளி உட்கவர்வை அளக்கும் சிறு குப்பி) வினை ஓடிக்கொண்டே இருந்தது, அதுவும் ஒரு நாள் அதிகமாகவும் மறுநாள் குறைவாகவும். ஏடிபியை மாற்றினோம், கோஎன்சைம் ஏயை மாற்றினோம், நொதியைப் புதிதாகத் தயாரித்தோம். கடைசியில் பார்த்தால், இரண்டடி தள்ளி ஒரு தட்டில் மூடியில்லாமல் புரத ஜெல்லின் நிறநீக்கக் கரைசல் இருந்தது. அதில் 10 விழுக்காடு அசிட்டிக் அமிலம். அதன் ஆவி, திறந்து வைத்த தாங்கல் கரைசல்களில் கரைந்துகொண்டிருந்தது. ஜெல் நிறநீக்கும் நாள்களில் பின்னணி வேகம் கூடியது, மற்ற நாள்களில் குறைந்தது. குறிப்பேட்டில் தேதிகளை ஒப்பிட்டபோதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து இந்த அளவீட்டுக்கான கரைசல்களைத் தனி அறையில், புதிதாக எடுத்த மிகத்தூய நீரில் தயாரித்து, மூடியிட்டு வைக்கிறோம். கார அமிலத் தன்மையைச் சரிசெய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மட்டுமே பயன்படுகின்றன. மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை குளோரைடு உப்புகளாகவே வாங்கப்படுகின்றன. அசிடேட் உப்பாக விற்கப்படும் எந்தப் பொருளும் அந்த அறைக்குள் வருவதில்லை. இவ்வளவு செய்த பின்னும் சில மைக்ரோமோலார் அசிடேட் எஞ்சியே தீரும். அதை ஒழிக்க முடியாது, அளக்கத்தான் முடியும்.

ஐந்தாம் படி: அளவீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்

வழிகள் பல உண்டு. ஹைட்ராக்சிலமீனைச் சேர்த்து, உருவாகும் ஹைட்ராக்சமேட்டை இரும்புக் குளோரைடுடன் 540 நானோமீட்டரில் படிக்கும் முறை மிகப் பழையது. மலிவானது, எனினும் நுண்ணுணர்வு குறைந்தது. கோஎன்சைம் ஏயின் கந்தகம் குறைவதை எல்மன் வினைப்பொருளால் 412 நானோமீட்டரில் பின்தொடரலாம், ஆனால் டிசெப் போன்ற ஒடுக்கிகள் எவையும் கலவையில் இருக்கக் கூடாது. சிட்ரேட் சிந்தேஸையும் மாலேட் டிஹைட்ரோஜினேஸையும் இணைக்கும் முறை நேரடியாக அசிட்டைல் கோஎன்சைம் ஏயைக் காட்டுகிறது. அதில் மாலேட்டின் சமநிலை இடம் பெயர்வதால், உருவாகும் என்ஏடிஎச் (340 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும் துணைநொதி) அளவும் அசிட்டைல் கோஎன்சைம் ஏயின் அளவும் ஒன்றுக்கு ஒன்றாக இருப்பதில்லை. இதைத் திருத்தாமல் வெளியிடப்பட்ட எண்களை எச்சரிக்கையுடன் அணுகுங்கள்.

தொடர்ச்சியான அளவீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ஏஎம்பியைப் பின்தொடரும் முறை. உருவான ஒவ்வொரு ஏஎம்பியையும் மயோகைனேஸ் ஓர் ஏடிபியுடன் சேர்த்து இரண்டு அடினோசின் டைபாஸ்பேட்டுகளாக மாற்றுகிறது. பைருவேட் கைனேஸ் அவ்விரண்டையும் பாஸ்போஈனால்பைருவேட்டின் துணையால் மீண்டும் ஏடிபியாக்கி, இரண்டு பைருவேட்டுகளை விடுகிறது. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் அவற்றை லாக்டேட்டாக்கும்போது இரண்டு என்ஏடிஎச் செலவாகிறது. இதில் மூன்று நன்மைகள் ஒருசேரக் கிடைக்கின்றன: ஒரு வினைக்கு இரண்டு என்ஏடிஎச் மறைவதால் நுண்ணுணர்வு இரட்டிக்கிறது, ஏடிபியின் செறிவு மாறாமல் நிற்கிறது, வினையைத் தடுக்கக்கூடிய ஏஎம்பி தேங்குவதில்லை.

கலவை பின்வருமாறு இருக்கலாம். 50 மில்லிமோலார் ஹெப்பிஸ், கார அமிலத் தன்மை 7.5, 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, ஏனெனில் பைருவேட் கைனேஸுக்குப் பொட்டாசியம் தேவை, 8 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 2.5 மில்லிமோலார் ஏடிபி, 0.5 மில்லிமோலார் கோஎன்சைம் ஏ; 2 மில்லிமோலார் பாஸ்போஈனால்பைருவேட்; 0.2 மில்லிமோலார் என்ஏடிஎச். 1 மில்லிமோலார் டிசெப். மூன்று இணைப்பு நொதிகளிலும் தலா 10 அலகுகள். பைரோபாஸ்பேட்டேஸ் 1 அலகு. வெப்பநிலை 37 டிகிரி. நொதி பற்றுவது வெறும் ஏடிபியை அல்ல, மக்னீசியத்துடன் பிணைந்த ஏடிபியை என்பதால் மக்னீசியம் எப்போதும் ஏடிபியைவிடச் சில மில்லிமோலார் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: குவெட்டில் சேர்க்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வரைகோடு உங்களிடம் ஒரு செய்தி சொல்கிறது.

முதலில் ஏசிஎஸ்எஸ்2 உம் அசிடேட்டும் தவிர மற்ற அனைத்தையும் குவெட்டில் சேர்த்து, 340 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பாருங்கள். 0.2 மில்லிமோலார் என்ஏடிஎச் ஏறத்தாழ 1.24 என்ற மதிப்பைக் காட்ட வேண்டும். இணைப்பு நொதிகள் கலந்தவுடன் கோடு சட்டெனச் சற்று இறங்கி, பின் தட்டையாகும். இறங்கியது உங்கள் ஏடிபி குப்பியில் இருந்த ஏஎம்பி, டைபாஸ்பேட் மாசுகளின் அளவு. தட்டையாகாமல் தொடர்ந்து சரிந்தால் எங்கோ ஏடிபியை உடைக்கும் மாசு நொதி ஒன்று கலந்திருக்கிறது.

அடுத்து ஏசிஎஸ்எஸ்2 ஐச் சேருங்கள், அசிடேட் இன்னும் வேண்டாம். கோடு மீண்டும் சரியத் தொடங்கினால், அந்தச் சரிவுதான் நீங்கள் சேர்க்காத அசிடேட். அதன் பின்னரே அசிடேட்டைச் சேர்த்து உண்மையான வினையைத் தொடங்குங்கள். பலர் எல்லாவற்றையும் கலந்துவிட்டு இறுதியில் நொதியைச் சேர்த்துத் தொடங்குகிறார்கள். அப்போது இந்த மூன்று செய்திகளும் ஒரே சரிவில் கலந்து மறைந்துபோகின்றன.

ஏழாம் படி: கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் கலவையில் 2 மைக்ரோகிராம் நொதி இருக்கிறது. அசிடேட் நிறைந்த நிலையில் ஒளி உட்கவர்வு நிமிடத்துக்கு 0.124 குறைகிறது. என்ஏடிஎச்சின் மோலார் உட்கவர்வுக் கெழு 6220 என்பதால், நிமிடத்துக்கு 20 மைக்ரோமோலார் என்ஏடிஎச் மறைகிறது. ஒரு வினைக்கு இரண்டு என்ஏடிஎச் என்பதால் உருவாகும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 10 நானோமோல். ஒரு மில்லிகிராம் நொதிக்கு இது நிமிடத்துக்கு 5 மைக்ரோமோல். நொதியின் எடை 79 கிலோடால்டன் எனில் சுழற்சி எண் நிமிடத்துக்கு 395, நொடிக்கு ஏறத்தாழ 6.6. இரண்டால் வகுப்பதை மறந்து இரு மடங்கு மதிப்பை எழுதிவிடுவது இந்த முறையில் மிக எளிதாக நேரும் பிழை.

இந்த வேகம் உண்மையில் ஏசிஎஸ்எஸ்2 உடையதா, இணைப்பு நொதிகளுடையதா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். ஏசிஎஸ்எஸ்2 ஐ இரட்டித்தால் வேகம் இரட்டிக்க வேண்டும், இணைப்பு நொதிகளைப் பாதியாக்கினால் வேகம் மாறக் கூடாது.

எட்டாம் படி: சேர்க்காத அசிடேட்டைக் கணக்கில் எடுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே என்பதால் சற்று நின்று விளக்குகிறேன். பாலூட்டி நொதிகளில் அசிடேட்டுக்கான மைக்கேலிஸ் மாறிலி ஏறத்தாழ ஒரு மில்லிமோலாரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கிறது. நமது எடுத்துக்காட்டில் அதை 100 மைக்ரோமோலார் எனவும், கலவையில் ஒளிந்திருக்கும் மாசு அசிடேட்டை 20 மைக்ரோமோலார் எனவும் கொள்வோம். அப்போது "பூஜ்ஜியம்" என்று நீங்கள் பெயரிட்ட குவெட் உச்ச வேகத்தில் ஆறில் ஒரு பங்கு வேகத்துடன் ஓடும், ஒளி உட்கவர்வு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.021 குறையும். 10 மைக்ரோமோலார் என்று எழுதிய குவெட்டில் உண்மையில் 30 மைக்ரோமோலார் இருக்கும்.

இதைக் கண்ட ஆய்வாளர் இயல்பாகச் செய்வது, பூஜ்ஜியக் குவெட்டின் வேகத்தை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது. அவ்வாறு கழித்தால் என்ன கிடைக்கிறது என்பதைத் தாளில் எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கழித்த பிறகும் கிடைப்பது ஒரு குறையற்ற மைக்கேலிஸ் வளைவுதான். புள்ளிகள் அனைத்தும் கோட்டின் மேல் அமரும். ஆனால் அதன் மைக்கேலிஸ் மாறிலி 100 அல்ல, 120. அதாவது உண்மை மதிப்புடன் மாசின் செறிவு கூடிவிடுகிறது. உச்ச வேகமோ 10 அல்ல, 8.3 ஆகக் குறைகிறது. வினையூக்கத் திறன் (உச்ச வேகத்தை மைக்கேலிஸ் மாறிலியால் வகுத்தது) ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்து தெரியும். மாசு 100 மைக்ரோமோலார் எனில் மாறிலி இரட்டித்து, உச்ச வேகம் பாதியாகி, திறன் நான்கில் ஒன்றாகிவிடும். வளைவின் அழகிலிருந்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரியான வழி மாசை அளந்து ஒவ்வொரு செறிவிலும் கூட்டுவது. அதற்குத் தனியாக ஒரு குவெட்டை எடுத்து, அசிடேட் சேர்க்காமல், வழக்கத்தைவிடப் பத்து மடங்கு, அதாவது 20 மைக்ரோகிராம் நொதியைச் சேருங்கள். வழக்கமான அளவு நொதியுடன் மாசு தீர அரை மணி நேரம் ஆகும், இங்கே மூன்று நான்கு நிமிடங்களில் தீர்ந்து கோடு தட்டையாகும். மொத்தச் சரிவு 0.249 எனில், அதை 6220 ஆலும் பின் இரண்டாலும் வகுத்தால் 20 மைக்ரோமோலார் என்ற விடை கிடைக்கிறது. கூடுதல் நொதியுடன் வந்த அசிடேட்டும் இதில் சேர்ந்திருக்கலாம் என்பதால், 10 மைக்ரோகிராம் நொதியுடன் இன்னொரு முறை செய்து, சரிவு மாறவில்லை என்பதைப் பாருங்கள். மாறினால் உப்புநீக்கம் போதவில்லை என்று பொருள்.

இன்னொரு வரம்பையும் மனத்தில் கொள்ளுங்கள். குறைந்த செறிவுகளில் தளப்பொருள் விரைவில் தீர்ந்துவிடும். உண்மையான 10 மைக்ரோமோலார் அசிடேட்டுடன் வேகம் நிமிடத்துக்கு 0.9 மைக்ரோமோலார், ஆகவே ஒரு நிமிடம் கடந்ததுமே பத்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது. தொடக்க வேகம் என்று அழைக்கத்தக்கது அந்த முதல் நிமிடம் மட்டுமே, அதில் ஒளி உட்கவர்வு மாறுவதோ 0.011 தான். நொதியைக் குறைத்தால் நேரம் நீளும், மாற்றமோ இன்னும் சிறிதாகும். கருவியின் இரைச்சலை அறிந்து நடுவழியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. புள்ளிகளை 20 முதல் 1000 மைக்ரோமோலார் வரை பரப்பி, தலைகீழ் வரைபடத்தை நம்பாமல், நேரடியாக வளைவுப் பொருத்தத்தால் மாறிலிகளைப் பெறுங்கள்.

ஒன்பதாம் படி: மற்றத் தளப்பொருள்களும் தெரிவுத் தன்மையும்

ஏடிபிக்கும் கோஎன்சைம் ஏக்கும் மாறிலிகளைப் பெறுவது இதைவிட எளிது. அசிடேட்டை நிறைவு நிலையில் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஏடிபியை மாற்றும்போது மக்னீசியத்தையும் உடன் மாற்றி, உபரி மக்னீசியத்தை ஒரே அளவில் நிறுத்துங்கள். கோஎன்சைம் ஏ காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இருபடியாகும் பொருள் என்பதால், குப்பியில் எழுதியுள்ள எடையை நம்பாமல் எல்மன் வினைப்பொருளால் உண்மைச் செறிவை அளந்துகொள்ளுங்கள்.

புரோப்பியோனேட்டையும் பியூட்டிரேட்டையும் தளப்பொருளாகக் கொடுத்துப் பாருங்கள். இக்குடும்பத்தின் அசிடேட் நொதிகளில் ஒரு டிரிப்டோபான் கிளர்வு மையத்தின் பையை அடைத்து நிற்கிறது. அசிடேட் எளிதாக அமர்கிறது, புரோப்பியோனேட் நெருக்கியடித்து நுழைகிறது, பியூட்டிரேட்டுக்கு அநேகமாக இடமே இல்லை. ஒரு தொல்நுண்ணுயிரியின் நொதியில் அந்த டிரிப்டோபானைக் கிளைசினாக மாற்றியபோது, நீண்ட கார்பன் சங்கிலிகளை ஏற்கும் திறன் அதற்கு வந்தது. உங்கள் தயாரிப்பு பியூட்டிரேட்டில் கணிசமாக வேலை செய்தால், நொதியை வியப்பதற்கு முன் பியூட்டிரேட் குப்பியில் அசிடேட் மாசு உள்ளதா எனப் பாருங்கள். இதே பையில் புளூரோஅசிடேட்டும் அமரும். அது புளூரோஅசிட்டைல் கோஎன்சைம் ஏயாகி, பின் புளூரோசிட்ரேட்டாகி, அகோனிட்டேஸ் நொதியை முடக்கிக் கொல்லும் கொடிய நஞ்சு. தளப்பொருள் பட்டியலை நீட்டும் ஆர்வத்தில் அதை வாங்க வேண்டாம்.

பத்தாம் படி: பாதி வினைகளையும் தடுப்பான்களையும் சோதித்தல்

முதல் பாதி வினையைத் தனியே காண, கோஎன்சைம் ஏ இல்லாமல், கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய பைரோபாஸ்பேட்டைச் சேர்த்து, அது ஏடிபிக்குள் புகுகிறதா எனப் பார்க்க வேண்டும். அசிடேட் இருக்கும்போது மட்டும் அந்தப் பரிமாற்றம் நடந்தால் அசிட்டைல் ஏஎம்பி உருவாகிறது என்பது உறுதி. இந்தச் சோதனையில் பைரோபாஸ்பேட்டேஸ் இருக்கவே கூடாது. லைசின் அசிட்டைலேற்றத்தின் விளைவை ஐயமின்றிக் காட்டும் சோதனையும் இதுதான், ஏனெனில் அந்த மாற்றம் தாக்குவது இந்தப் பாதியை மட்டுமே.

தடுப்பான்களைச் சோதிப்பவர்கள் கூடுதலாக ஒரு குவெட் வைத்துக்கொள்ளட்டும். அதில் ஏசிஎஸ்எஸ்2 வேண்டாம், தடுப்பானுடன் நேரடியாக ஏஎம்பியைச் சேர்த்து, என்ஏடிஎச் வழக்கமான வேகத்தில் மறைகிறதா எனப் பாருங்கள். மறையவில்லையெனில் உங்கள் மூலக்கூறு தடுத்தது மயோகைனேஸையோ அதன் தோழர்களையோதான்.

பதினொன்றாம் படி: எண்களை உயிரணுவுக்குள் வைத்துப் பாருங்கள்

உண்ணாநிலையில் மனித இரத்தத்தில் அசிடேட்டின் செறிவு பொதுவாக 0.2 மில்லிமோலாருக்கும் குறைவு, மது அருந்திய பிறகு அது பல மடங்கு உயர்கிறது. நொதியின் மாறிலியும் ஏறத்தாழ அந்த அளவிலேயே இருப்பதால், அசிடேட் கூடினால் வேகமும் கூடும், குறைந்தால் குறையும். நொதி ஒருபோதும் நிறைவு நிலையில் உறைந்து நிற்பதில்லை. ஈ.கோலை பாக்டீரியாவின் அசிடேட் கைனேஸுக்கு 7 முதல் 10 மில்லிமோலார் அசிடேட் தேவைப்படுவதோடு ஒப்பிட்டால், சிந்தடேஸ் சிறு துளிகளைப் பொறுக்கி எடுக்கவே அமைந்தது என்பது விளங்கும்.

அந்தப் பொறுக்கும் பணி உட்கருவில்தான் மிகவும் சுவையானது. குளுக்கோஸ் குறையும்போது, உயிரணுவின் ஆற்றல் குறைவை உணரும் ஏஎம்பிகே நொதி ஏசிஎஸ்எஸ்2 இன் 659ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் மறைந்திருந்த உட்கரு நுழைவுக் குறியீடு வெளிப்பட்டு, நொதி உட்கருவுக்குள் செல்கிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஹிஸ்டோன்களிலிருந்து நீங்கிய அசிடேட்டையே அது மீண்டும் அசிட்டைல் கோஎன்சைம் ஏயாக்கி, லைசோசோம் மரபணுக்களின் அருகிலுள்ள ஹிஸ்டோன்களுக்கு வழங்குகிறது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்நொதி குறைந்தால் நீண்டகால இட நினைவு பாதிக்கப்படுவதைக் காட்டியது. ஆக்சிஜன் குறைந்த புற்றுக்கட்டிகள் கொழுப்பைக் கட்ட இதே நொதியைச் சார்ந்திருப்பதால்தான் இதற்கான தடுப்பான்கள் தேடப்படுகின்றன.

இத்தகைய கேள்விகளுக்கு உங்கள் மாறிலிகளைப் பயன்படுத்த விரும்புவோர், மூன்று விவரங்களை முடிவுகளுடன் கட்டாயம் கேட்பார்கள்: கலவையில் அளந்த மாசு அசிடேட்டின் செறிவு, சர்டுயினுடன் நடத்துவதற்கு முன்னும் பின்னும் கண்ட சுழற்சி எண், உபரி மக்னீசியத்தின் அளவு. அவற்றை அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளிக்காமல், மைக்கேலிஸ் மாறிலியின் பக்கத்திலேயே எழுதுங்கள்.